நான் 'ட்யூன்' செய்த படகு எஞ்சின்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம் நடந்தது இது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்கள் ஊர். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். சைக்கிளில் போய் வருவேன். வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, ஒரு கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் உண்டு.

மற்ற இரண்டு பங்குக்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் என் பெரியப்பா மகன். அண்ணன் என்பேன். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். இன்னொருவர் எனக்கு மதினி முறை. எங்கள் பங்காளி ஒருவரின் மனைவி. கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பத்து வயது மகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக விவசாயம் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் எங்களுக்குள் முறை வைத்துத்தான். சனிக்கிழமை அண்ணன் என்றால், ஞாயிறு நான், திங்கள் மதினி, மறுபடி செவ்வாய் அண்ணன். அவரவர் முறையன்று அவரவர் இறைத்துக்கொள்ள வேண்டும். யார் முறையில் என்ன நடந்தாலும் அதற்கு அவரே பொறுப்பு. இந்த வழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

அதுவரை மாடு கட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வருஷம் அண்ணன் தூத்துக்குடிக்கு மிளகாய் வற்றல் கொண்டு போனபோது, அங்கே ஒரு பழைய மோட்டார் படகை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் எஞ்சினைப் பேசி முடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பேரும் பங்கு போட்டோம். மதினி தன் உழவு மாடுகளை விற்றுத்தான் பங்கைக் கொடுத்தார். ஊரே திரண்டு வந்து அந்த எஞ்சினைப் பார்த்தது. மூலை முடுக்கெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. "கடல்ல ஓடுன கழுதை, நம்ம கெணத்துல நீந்துமாலே?" என்று கேலி பேசினார்கள். பெட்ரோலில் கிளப்பிச் சீமெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடை கட்டிப் பம்பு, மேலே கொட்டகையில் எஞ்சின், இரண்டுக்கும் நடுவில் பெல்ட். கடலில் இருந்தபோது கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் அந்த எஞ்சின் சூட்டைத் தணித்துக்கொள்ளுமாம். இங்கே அதற்குப் பதிலாகப் பம்புத் தண்ணீரிலிருந்து ஒரு விரல் தண்டிக் குழாய் பிரித்து எஞ்சினுக்குள் விட்டிருந்தோம். ஒரு பக்கம் குளிர்ந்த தண்ணீர் போகும், மறுபக்கம் வெந்நீராக வெளியே விழும்.

இதையெல்லாம் பொருத்தியவர் தூத்துக்குடிக்காரர் ஒருவர். நான்கு நாள் தங்கியிருந்தார். அந்த நான்கு நாளும் மதினி கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்தார், கேட்டார். ஐந்தாம் நாள் கைப்பிடியைப் போட்டு ஒரே சுற்று. எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. எனக்கு நான்கைந்து சுற்று ஆகும். கை வேறு வலிக்கும். கரும்பலகையில் எஞ்சின் படம் போட்டு, அம்புக்குறி வைத்துப் பாடம் நடத்துகிறவன் நான். எழுதப் படிக்கத் தெரியாத மதினி ஒரே சுற்றில் கிளப்பினால் எனக்கு எப்படி இருக்கும்? பொறாமைதான். அன்றைக்கு அதற்கு நான் வேறு பெயர் வைத்திருந்தேன்.

அந்த மாசியில் எஞ்சின் லேசாக இருமத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு துடிப்பு விட்டுப்போகும். சாத்தூர் மிஸ்திரிக்குச் சொல்லி அனுப்புவோம் என்றார் மதினி.

"எதுக்கு மதினி? ஒரு சின்ன ட்யூனிங், அம்புட்டுதான். நான் பாத்துக்கிடுறேன்" என்றேன்.

"கை பழகாத வேலையாச்சே தம்பி. மிளகா பூவும் பிஞ்சுமா நிக்கி. இப்பப் போய் எஞ்சின் படுத்துக்கிட்டா என் பாடு என்னத்துக்கு ஆகும்?"

"புஸ்தகம் இருக்கு மதினி" என்றேன். இருந்ததும் உண்மைதான். எஞ்சினோடு வந்த இங்கிலீஷ் புத்தகம், பாதி கரையான் தின்றது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை. காலையில் தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். பெட்ரோலில் கழுவினேன். பாயிண்டைத் துடைத்து, இடைவெளியை அளக்க ஒரு போஸ்ட் கார்டைச் செருகிப் பார்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்து, எண்ணெய் பீய்ச்சும் ஜெட்டை வாயால் ஊதினேன். அடியில் சேற்றுக் குழம்பு மாதிரி கிடந்த பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அதோடு விட்டிருக்கலாம். குளிர்தண்ணீர்க் குழாயில் துரு அடைந்திருக்கும், அதையும் சுத்தம் செய் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதையும் கழற்றினேன், கம்பி விட்டுக் குத்தினேன், தட்டிச் சுத்தம் செய்தேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாமனார் வந்திருக்கிறாராம், சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறாராம். குழாயைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போனால் குளவி கூடு கட்டிவிடும். எங்கள் பக்கம் ஒரு சாவித் துவாரத்தைக்கூடக் குளவி விட்டுவைக்காது. கையில் கிடைத்த தாளைக் கசக்கிக் குழாய் வாயில் அடைத்தேன். என்ன தாள் என்றால், சிவகாசி அச்சாபீசில் கழித்துப்போட்ட லேபிள் தாள். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஒட்டுகிற வழவழப்பான தாள். வர்ணம் தப்பினதை எடைக்குப் போடுவார்கள். எங்கள் ஊர்களில் மளிகைச் சாமான் கட்டுவதும் அதில்தான், பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவதும் அதில்தான், கை துடைப்பதும் அதில்தான். சாதாரணத் தாள் என்றால் தண்ணீரில் கரைந்து போயிருக்கும். இது கரையாது.

சாப்பிட்டு, மாமனாரிடம் எஞ்சின் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தேன். குழாயை எடுத்தேன், பொருத்தினேன், நட்டை முறுக்கினேன். தாள் உள்ளேயே இருந்தது. அடைத்தது நானேதான், மறந்ததும் நானேதான். பெல்ட் போடாமல் எஞ்சினை மட்டும் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். பம்பு ஓடாததால் தண்ணீர் வர வழியும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை. இருமல் போயிருந்தது. சத்தம் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. மாமனாரைக் கூட்டி வந்து காட்டியிருக்கலாமே என்றுதான் எனக்குக் கவலை.

மறுநாள் திங்கட்கிழமை. மதினியின் முறை. நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மதினி வேகமாக வந்தார். கையெல்லாம் ஈரம்.

"தம்பி, வெந்நி விழுற குழாயில தண்ணி நூல் மாதிரிதான் வருது. முந்தி இப்படி இல்லை. நிறுத்திட்டு வந்திருக்கேன். ஒரு எட்டு வந்து பாக்கீகளா?"

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் நான் போகாததற்கு அது காரணம் இல்லை. நேற்றுத்தான் அத்தனை வேலை பார்த்திருக்கிறேன், இன்றைக்கே வந்து குறை சொல்கிறாரே என்று சுள்ளென்று வந்தது.

"நேத்து பூராம் கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு மதினி. புதுசா முறுக்கின குழாய் அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும். பயப்படாம ஓட்டுங்க."

"ஓட்டலாம்ங்கிறீகளா?"

"நான்தான் சொல்றேன்ல."

போய் ஓட்டினார். என் சொல்லை நம்பி ஓட்டினார்.

சாயங்காலம் ஊருக்குள் நுழையும்போதே செய்தி வந்துவிட்டது. மதினி கடைசிப் பாத்திக்கு மடை மாற்றப் போயிருக்கிறார். எஞ்சின் சத்தம் திணறியிருக்கிறது. ஓடி வருவதற்குள் புகையும் கருகல் வாடையுமாக எஞ்சின் நின்றுவிட்டது. கைப்பிடியைப் போட்டால் அசையவில்லை. சூட்டில் பிஸ்டன் உள்ளேயே இறுகிப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் கொட்டகை முன்னால் கூடினோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். பங்குக்காரர்கள் மூன்று பேர்தான், ஆனால் வேடிக்கைக்குக் கூப்பிடாமல் வருவதற்கு எங்கள் ஊரில் பஞ்சமா? அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, எஞ்சினை ஓடவிட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டியாக்கும்?" என்று அண்ணன் கேட்டார்.

மதினி பதறவில்லை. தெளிவாகச் சொன்னார். "காலையிலேயே தண்ணி சரியா வரலை. நிறுத்திட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிச் சொன்னேன். ஓட்டுங்கன்னாக. அப்புறந்தான் ஓட்டுனேன். கேட்டுப் பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார், படித்தவன், முந்தின நாள்தான் எஞ்சினைப் பிரித்து மாட்டினவன். 'ஆமாம், வந்தார், நான்தான் ஓட்டச் சொன்னேன்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

"வந்தாக. பெட்ரோல் எம்புட்டு ஊத்தணும்னு கேட்டாக. தண்ணியைப் பத்தி ஒண்ணும் சொன்ன மாதிரி இல்லையே" என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன். பொய்தான். நடந்தது பாதி, கட்டினது பாதி என்று கலந்து சொன்னதால் அது நிஜம் போலவே இருந்தது.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி?" என்றார். அவ்வளவுதான். நான் எஞ்சினைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு. அண்ணன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அவள் முறையில் கெட்டது, அவள்தான் பொறுப்பு. எஞ்சின் ரிப்பேராகி வரும்வரை அண்ணனும் நானும் மாடு கட்டி இறைத்துக்கொள்வோம். மதினி தன் தண்ணீருக்குத் தானே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் வந்த பிறகும் அவர் அதில் கை வைக்கக் கூடாது, அண்ணனின் ஆள்தான் ஓட்டுவான். மாட்டை விற்று எஞ்சினுக்குப் பங்கு கொடுத்தவர், எதைக் கட்டி இறைப்பார்? அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாத்தூர் மிஸ்திரி வந்தார். எஞ்சினைக் கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும். நான் கூட நின்று உதவினேன். அந்தச் சின்னக் குழாயைக் கழற்றித் தரச் சொன்னார். கழற்றித் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். நனைந்து ஊறிய தாள் உருண்டை ஒன்று வந்து விழுந்தது. லேபிளில் அச்சடித்த கிளிப் படத்தில் பாதியும் சிவப்பு மையும் அப்படியே தெரிந்தன. பார்த்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

மிஸ்திரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த உருண்டையை எடுத்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டேன். ஈரம் வயிற்றில் சில்லென்று பட்டது. "குழாயில ஏதும் அடைப்பு இருந்துச்சா சார்?" என்று அவர் கேட்டார். "லேசா துருதான்" என்றேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்தது ஒரு கசங்கின தாள். அதற்கே வீடு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன். அடுப்பில் போட்டேன். ஈரமாக இருந்ததால் வெகு நேரம் புகைந்தது. என்ன நாற்றம் என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

எஞ்சின் திரும்பி வர மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்த மூன்று வாரமும் மதினியும் மகளும் கிணற்றில் கயிறு போட்டு இறைத்துக் குடம் குடமாகச் சுமந்து மிளகாய்ச் செடிக்கு ஊற்றினார்கள். நான் பள்ளிக்குப் போகிற பாதை அந்த நிலத்தை ஒட்டித்தான் போகும். தினமும் பார்த்தேன். மாசி வெயில், கரிசல் மண், ஊற்றின தண்ணீர் ஊற்றின இடத்திலேயே மாயமாகிவிடும். பூ உதிர்ந்தது, பிஞ்சு வெம்பியது. கிணற்றை ஒட்டின நான்கைந்து பாத்திதான் மிஞ்சியது. மற்றதெல்லாம் காய்ந்த சுள்ளியாக நின்றது. பக்கத்திலேயே என் செடிகள் பச்சென்று இருந்தன. பிறகு நான் வேறு பாதையில் போக ஆரம்பித்தேன். இரண்டு மைல் சுற்று. உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொன்னேன்.

எஞ்சின் வந்த பிறகும் மதினி அதைத் தொடவில்லை. அண்ணனின் ஆளுக்கு எப்போது ஒழிகிறதோ அப்போதுதான் அவர் நிலத்துக்குத் தண்ணீர். மறு வருஷம் மிளகாய் போடுவதை விட்டுவிட்டுக் கம்பு விதைத்தார். வழியில் பார்த்தால் "வாத்தியார் நல்லாருக்கீகளா" என்பார். தம்பி என்று கூப்பிடுவது நின்றுபோனது.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அண்ணன் அந்தக் கதையை எடுத்துவிட்டார். ஒற்றை ஆளாக ஒரு படகையே கவிழ்த்தவள் எங்கள் ஊர்க்காரி என்று சொல்லிச் சிரித்தார். இலைக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், எதிரே சாம்பார் வாளியோடு மதினி நிற்கிறார். என்னிடம் வந்து, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தாள் அடைத்தது, மறந்தது, கண்டெடுத்தது, எரித்தது. அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் முறத்தைக் கீழே வைத்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தாள் கதை கெடக்கட்டும், மனுசன் மறக்கிறதுதான். நான் வந்து தண்ணி வரலைன்னு சொன்னது அன்னைக்கு உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு மதினி."

"அம்புட்டுப் பேரு முன்னால இல்லைன்னீக. இப்ப என் வீட்டுக்குள்ள வந்து உண்டுங்கிறீக. எனக்குத் தெரிஞ்சதை எனக்கே வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க சொன்னீகளோ அங்கன போயிச் சொல்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கோடையில் கிணற்றில் தூர் வாரினோம். மூன்று பங்குக்காரர்களும் கூலியாட்களுமாக ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மதினி மண் கூடை சுமந்துகொண்டிருந்தார். கஞ்சி குடிக்க எல்லாரும் உட்கார்ந்த நேரம். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை கிழியப் பேசுகிறவன் அன்றைக்கு முணுமுணுத்தேன்.

"அண்ணே, அந்த எஞ்சின் விஷயம்... அதுல என் தப்பும் கொஞ்சம் உண்டு" என்றேன்.

அண்ணன் வாயில் போட்ட வெங்காயத்தை மென்றபடியே, "அட விடுலே. மிஷின்னா அப்படித்தான். அதைப் போயி இப்பப் பேசிக்கிட்டு" என்றார்.

நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதையும் மறைக்கவில்லை, உண்மையில் அப்பாடா என்றுதான் இருந்தது. அப்போது மதினி கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"கொஞ்சந்தானா வாத்தியாரே?"

எல்லாரும் திரும்பினார்கள். நான் என் கஞ்சிக் கும்பாவுக்குள் குனிந்துகொண்டேன். மதினி காத்துப் பார்த்தார். பிறகு சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, கூடையை எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாகவும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பொங்கலுக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கரண்டு மோட்டார் வந்தது, படகு எஞ்சின் பழைய இரும்புக்குப் போனது. அண்ணன் போனார். மதினியும் கண்ணை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது.

கொஞ்சம் இல்லை மதினி. தாளை அடைத்தது நான், நீங்கள் வந்து சொன்னபோது ஓட்டச் சொன்னது நான், பத்துப் பேர் முன்னால் உங்களைப் பொய்க்காரி ஆக்கினது நான். ஒரு பிடி தப்புக்கூட உங்கள் மேல் இல்லை. இதைச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகிறது. நீங்கள் கேட்டபோது அந்த ஒரு நிமிஷம் என்னிடம் இல்லாமல் போயிற்று. செய்த தப்பைவிட, ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் அதைக் குறைத்துச் சொன்னேனே, அந்த வெட்கம்தான் இன்றைக்கும் யாராவது என்னை வாத்தியாரே என்று கூப்பிட்டால் என்னைத் தலைகுனிய வைக்கிறது.